பிள்ளைகளிடம் நலம் விசாரித்தோமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

கடைக்கு வருகிறவரை முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் தராசைத் தொடவேண்டும் என்பது நம் தொழிலில் மூத்தவர்கள் கற்றுத்தந்த முதற்பாடம். ஈப்போ நகரில் கடை வைத்திருக்கும் நம்மவர் எவரும் இதற்கு விலக்கல்ல. மலாய்க்காரர் வந்தால் ‘அப்பா கபார்’ என்கிறோம். சீனத் தவுக்கே வந்தால் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறோம். தமிழர் வந்தால் அவருடைய முழங்கால் வலி முதற்கொண்டு ஊரிலிருக்கும் தாயாரின் கண் ஆபரேஷன் வரை விசாரிக்கிறோம். இரவு 10 மணிக்குக் கதவை இழுத்துப் பூட்டி, கல்லாவை எண்ணி முடித்து வீடு போய்ச் சேர்கிறோம். அங்கே 14 வயது மகன் கைப்பேசியும் கையுமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். அவனிடம் என்ன கேட்கிறோம்? ‘இஷா தொழுதாயா? பாடம் படித்தாயா?’ இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகளே, ஆட்சேபமில்லை. ஆனால், முன்பின் அறியாத வாடிக்கையாளரிடம் காலையிலிருந்து நூறு தடவை கேட்ட அந்த மூன்றாவது கேள்வியை, பெற்ற பிள்ளையிடம் கேட்டு எத்தனை நாட்களாயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் கேளாமல் விட்டதை வேறு சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 1983-ம் ஆண்டு வாக்கில் சில நாடுகள் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அவர்களுடைய ஆரோக்கியத்தைப் பற்றி அவர்களிடமே கேட்டறியும் ஓர் ஆராய்ச்சியை ஆரம்பித்தன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒத்துழைப்போடு 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது நடந்து வருகிறது. 2021-22-ல் 44 நாடுகளிலும் பிரதேசங்களிலும் நடந்தது. 11, 13, 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வினாத்தாள் கொடுக்கப்படுகிறது. பெயர் எழுதவேண்டியதில்லை. தாய் தகப்பனைக் கேட்பதில்லை, வாத்தியாரைக் கேட்பதில்லை. உன் உடல்நலம் மிக நன்றாக இருக்கிறதா, நன்றாக இருக்கிறதா, சுமாரா, மோசமா என்று பிள்ளையையே கேட்கிறார்கள். இன்னொரு கேள்வியில் ஓர் ஏணியைக் காட்டுகிறார்கள். அடிப்படி பூஜ்யம், உச்சிப்படி 10. அடியில் இருப்பது மிக மோசமான வாழ்வு, உச்சியில் இருப்பது மிகச் சிறந்த வாழ்வு. நீ இப்போது எந்தப் படியில் நிற்பதாக எண்ணுகிறாய் என்று கேட்கிறார்கள். இதைப் படித்தபோது நமக்குச் சற்று வெட்கமாக இருந்தது. கடையில் எந்தச் சரக்கு எந்த அடுக்கில் எத்தனை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். பெற்ற மகள் ஏணியின் எந்தப் படியில் நிற்கிறாள் என்பது நமக்குத் தெரியாது.

அந்நாட்டுப் பிள்ளைகள் சொன்ன பதிலில் கவனிக்கவேண்டியவை சில உண்டு. வயது ஏற ஏற, பிள்ளைகள் ஏணியில் கீழே இறங்கி நிற்கிறார்கள். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகள் தாழ்ந்த படியைச் சொல்கிறார்கள். பள்ளிப் பாடத்தின் சுமை கழுத்தை நெரிக்கிறது என்போர், குறிப்பாக 15 வயதுப் பெண்கள், முன்னைவிட அதிகமாகியிருக்கிறார்கள். குடும்பத்தார் தமக்கு ஆதரவாக இருக்கிறார்கள் என்று சொல்வோர் 2018-ஐவிட 2022-ல் குறைந்துபோனார்கள். இவற்றுள் பல பணத்துக்கும் மருந்துக்கும் பஞ்சமில்லாத நாடுகள்!

ஜப்பானைப் பாருங்கள். பிள்ளைகளுக்கான ஐக்கிய நாட்டு ஸ்தாபனமாகிய யூனிசெஃப் 2020-ல் 38 வசதி படைத்த நாடுகளை வரிசைப்படுத்தியது. பிள்ளைகளின் தேக ஆரோக்கியத்தில் ஜப்பான் முதலாவது. மனநலத்தில் அதே ஜப்பான் 37-வது. கடைசிக்கு ஒன்று முந்தியது! தேகம் சுகம், ஆயினும் உள்ளம் சுகமில்லை. நம் பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சோறு, நல்ல உடுப்பு, டியூஷன், குர்ஆன் வகுப்பு எல்லாம் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன குறை என்று கேட்கும் தகப்பன்மார்கள் இந்த 37-ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அது போகட்டும், நமது நாட்டுக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனம் நடத்திவரும் பள்ளி மாணவர் ஆய்வில் மலேசியா 2012-ல் கலந்துகொண்டது. அதன் பிறகு 2017-லும் 2022-லும் நமது சுகாதார அமைச்சு நாடு முழுவதும் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதியது. 2022-ன் கணக்குப்படி, நான்கு பிள்ளைகளில் ஒருவர் மனச்சோர்வில் இருக்கிறார். மூவரில் ஒருவருக்கு எடை அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வந்ததாகச் சொன்ன பிள்ளைகள் 2012-ல் நூற்றுக்கு 7.9, 2017-ல் 10, 2022-ல் 13.1. நூற்றுக்கு 13 என்றால் எட்டுப் பிள்ளைகளில் ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நம் பள்ளிவாசலில் பின்வரிசையில் உட்காரும் பிள்ளைகளை எட்டு எட்டாக எண்ணிப் பாருங்கள் சகோதரர்களே! வேறு யாரோ வீட்டுப் பிள்ளை என்று சொல்லித் தப்ப முடியாது. நம் பிள்ளைகள் படிக்கும் அதே அரசாங்கப் பள்ளிகளைப் போன்ற பள்ளிகளில்தான் இதைக் கேட்டார்கள்.

அவ்வினாத்தாளில் ஒரு கேள்வி உண்டு. உன் கஷ்டங்களையும் கவலைகளையும் உன் பெற்றோர் எவ்வளவு தூரம் புரிந்துகொண்டார்கள் என்பது அக்கேள்வி. நம் வீட்டுப் பிள்ளையிடம் இத்தாள் வந்திருந்தால் என்ன எழுதியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறோம். அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நமது வீட்டு மகள் இரண்டாம் படிவம் படித்த வருஷம், திங்கட்கிழமை தோறும் வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாள். உம்மா ஓம வாட்டர் கொடுத்தாள். நாம் ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தோம். ஒருநாள் பெருநாள் வியாபார நெருக்கடியில், கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்று, ‘அத்தா, எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது’ என்றாள். தலையை நிமிர்த்தாமலே, ‘திக்ரு ஓதிட்டுப் படும்மா, எல்லாம் சரியாயிடும்’ என்றோம். எண்ணிக்கை தவறிவிடக்கூடாதே என்ற கவலை நமக்கு! பிறகு அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் கோளாறு எதுவுமில்லை என்றார். அங்கிருந்த நர்ஸம்மா நம்மை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மகளோடு அரைமணி நேரம் பேசினார்கள். நிறத்தையும் உடம்பையும் சொல்லி வகுப்புப் பிள்ளைகள் சிலர் கைப்பேசி வழியாக மாதக்கணக்கில் பரிகாசம் செய்து வந்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் நமக்குத் தெரியவந்தது. ‘வீட்டில் சொன்னாயா?’ என்று அந்த அம்மையார் கேட்டதற்கு, ‘சொன்னேன், அத்தா கணக்குப் பார்த்துக்கிட்டிருந்தாங்க’ என்று சொன்னாளாம். அல்லாஹ் மன்னிப்பானாக! திக்ரு ஓதச் சொன்னது குற்றமல்ல. தலை நிமிராமல் சொன்னது குற்றம்.

மகள் இப்போது நலம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஒரு வாக்கியம் நம்மை மதரஸாவில் படித்த பழைய பாடங்களிடம் திருப்பி அனுப்பியது. சின்ன வயதில் மனப்பாடம் செய்தபோது கருத்தில் ஏறாத விஷயங்கள் இப்போது ஏறின.

திருமறையில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஆள் துணையில்லாமல், ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி, ஒரு பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையோடு தனியே கிடந்த இளம்பெண் அவர்கள். இதற்கு முன்பே இறந்து, மறந்தே போகப்பட்டவளாக ஆகியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டு அழுததை சூரா மர்யமின் 23-ம் ஆயத்து நமக்கு அறிவிக்கிறது. உலகப் பெண்களிலெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட புனிதவதியின் வாயிலிருந்து வந்த சொல் இது. இதற்கு என்ன பதில் வந்தது? நீ எப்படி இவ்வாறு சொல்லலாம், ஈமான் எங்கே போயிற்று என்ற அதட்டல் வந்ததா? இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் முதலில் வந்தது. காலடியில் ஓர் ஓடை காட்டப்பட்டது. மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று வழி சொல்லப்பட்டது. உண்ணும்படியும், பருகும்படியும், கண் குளிர்ந்திருக்கும்படியும் சொல்லப்பட்டது. அவர்கள் அப்போது யாரிடமும் விளக்கம் கூறவேண்டியதில்லை என்றும் சொல்லப்பட்டது. ஆறுதல், தண்ணீர், ஆகாரம், கேள்வி கேட்டுத் துளைப்போரிடமிருந்து பாதுகாப்பு! ரப்புல் ஆலமீனிடமிருந்து வந்த முறை இது. நம் வீட்டில் ஒரு பிள்ளை, செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்று முணுமுணுத்தால் நாம் என்ன செய்கிறோம்? வாயில் அடிக்கிறோம். அல்லது தற்கொலை ஹராம் என்று உடனே ஃபத்வா கொடுக்கிறோம். ஹராம்தான், யார் மறுத்தார்? ஆனால் அந்த வார்த்தையை முதல் பதிலாகச் சொன்னால், இரண்டாவது முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது. சாவைப் பற்றிப் பிள்ளையிடம் பேச்செடுத்தால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அது தவறான பயம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அமைதியாகக் கேட்டால் பாரம் இறங்குகிறது, அவ்வளவே.

கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எப்படி நலம் விசாரித்தார்கள் என்பதற்கு, அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவரைப் பற்றிய ஹதீஸ் ஒன்று போதும். அந்தச் சிறுவர் ஒரு சிட்டுக்குருவியை வைத்து விளையாடி வந்தார். குருவி இறந்துபோயிற்று. பெருமானார் அவரைக் கண்டபோது, அந்தக் குருவி என்னவாயிற்று என்று பெயர் சொல்லி அன்போடு விசாரித்தார்கள். யோசியுங்கள்! ஒரு சமுதாயத்தின் பாரம் முழுவதையும் தாங்கிய நபி, ஒரு பையனின் குருவிக்காக நேரம் வைத்திருந்தார்கள். நமக்கோ மாதக் கணக்கு முடிக்கவேண்டியிருக்கிறது. அந்த அனஸ் அவர்களே 10 ஆண்டுகள் பெருமானாருக்கு ஊழியம் செய்தவர்கள். அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறைகூட ‘சீ’ என்ற சொல்லையோ, இதை ஏன் செய்தாய் என்ற கண்டிப்பையோ கேட்டதில்லை என்று பிற்காலத்தில் அறிவித்தார்கள். நம் கடைப் பையன்களிடம் பத்து நிமிஷத்தில் எத்தனை ‘சீ’ சொல்கிறோம் என்பதை இங்கே எழுதவேண்டாம், அவரவருக்குத் தெரியும்.

உள்ளத்து நோய் என்றதும் நம் ஈப்போக்காரர்களுக்கு உடனே ஒரு பேர் வாயில் வந்துவிடும். ‘தஞ்சோங் ரம்புத்தான்!’ 1911-ல் அவ்வூரில் மனநோய் ஆஸ்பத்திரி கட்டப்பட்ட நாள் முதலாக, அந்த ஊரின் பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டது. பிள்ளைகள் விளையாட்டில் சண்டை போட்டாலும் ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்பார்கள். இன்று அந்த ஆஸ்பத்திரிக்கு ‘பஹாகியா’ என்று பெயர். மலாயில் அதற்குச் சந்தோஷம் என்று அர்த்தம். பெயர் மாறியும் நம் நாக்கு மாறவில்லை. ஒரு பெண்பிள்ளை மனச்சோர்வுக்கு டாக்டரைப் பார்த்தாள் என்று தெரிந்தால் நாளை மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் நம் குடும்பங்களில் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுவதை மட்டும் கல்யாண விருந்தில் நெய்ச்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இது என்ன நியாயமோ தெரியவில்லை.

நம் முன்னோர்கள் இப்படியில்லை. 934-ல் வஃபாத்தான அபூ ஸைத் அல் பல்கீ என்ற அறிஞர், உடம்பின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். வைத்தியர்கள் உடலை மட்டும் பார்த்துவிட்டு உள்ளத்தை விட்டுவிடுகிறார்களே என்று அவர் அக்காலத்திலேயே குறைப்பட்டார். கோபம், பயம், துக்கம், விடாமல் நச்சரிக்கும் எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் சொன்னார். 1284-ல் எகிப்தின் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. ஆகவே, டாக்டரிடம் போவது தவக்குலுக்கு விரோதம் என்று யாரேனும் சொன்னால், ஒட்டகையைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியதை அவருக்கு ஞாபகமூட்டுங்கள். சட்டமும் இப்போது இரங்கிவிட்டது. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரைச் சிறையில் போடும் குற்றவியல் பிரிவு 309, 2023-ல் நம் நாட்டில் ரத்து செய்யப்பட்டது. போலீஸ் கேஸாகிவிடுமே என்று பயந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைத்த காலம் போயிற்று. 15555 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சுகாதார அமைச்சின் ஆலோசகர்கள் பேசுகிறார்கள். இந்த எண்ணைத் தயவுசெய்து எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை தகப்பன்மாராகப் பேசினோம். இனி வியாபாரிகளாகப் பேசவேண்டிய பகுதி வருகிறது. கசக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே 2022 ஆய்வில் இன்னொரு கணக்கு உண்டு. சிகரெட் புகைக்கும் பள்ளிப் பிள்ளைகள் 2017-ஐவிடக் குறைந்துவிட்டார்கள். சந்தோஷம்! ஆனால் வேப் இழுக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு 9.8-லிருந்து 14.9 ஆகிவிட்டார்கள். பேனா மாதிரி, மிட்டாய் மாதிரி, மாம்பழ வாசனையோடு விற்கப்படும் அந்தப் பொருளை இந்தப் பிள்ளைகள் எங்கே வாங்கினார்கள்? வானத்திலிருந்து விழவில்லையே! நம்மைப் போன்றவர்களின் கடைகளில்தான் வாங்கினார்கள்.

2023 மார்ச் கடைசியில், வேப்பில் ஊற்றும் நிகோட்டின் திரவத்துக்கு விஷப்பொருள் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை விற்கக்கூடாது என்று தடுக்கும் புதிய சட்டம் 2024 அக்டோபர் 1-ம் தேதிதான் அமலுக்கு வந்தது. இடைப்பட்ட 18 மாதங்களில் பள்ளிச் சீருடையோடு வரும் பிள்ளைக்கு விற்றாலும் கேட்பாரில்லை. அந்தக் காலத்தில் நமது கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. சப்ளையர் கொண்டுவந்து வைத்தார், சட்டம் தடுக்கவில்லை என்றார், நாமும் தலையாட்டினோம். அரிசியில் கிடைக்கும் லாபம் எவ்வளவு, அதில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பது இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். சட்டம் தடுக்காதது எல்லாம் ஹலாலாகிவிடுமா? சிகரெட் ஹராம் என்று இந்நாட்டு ஃபத்வா கமிட்டி 1995-லேயே தீர்மானித்துவிட்டது. வேப்பும் அப்படியே என்று 2015 டிசம்பரில் சொல்லிவிட்டது. நமக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்தும் 11 மாதங்கள் விற்றோம். வாங்கியவர்களில் நமது மகளின் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பின் சூரத்துன் நிஸாவை ஓதிக்கொண்டிருந்தோம். 29-ம் ஆயத்தில் நாவு நின்றுவிட்டது. பிறர் பொருளை முறைகேடாக உண்ணாதீர்கள், ஒருவருக்கொருவர் மனம் ஒப்பிய வியாபாரமே முறை என்று அல்லாஹ் தஆலா அதில் நமக்குக் கட்டளையிடுகிறான். அதே மூச்சில், அதே ஆயத்தில், உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள், அவன் உங்கள்மீது இரக்கமுள்ளவன் என்று சொல்லி முடிக்கிறான். வியாபாரத்தையும் உயிரையும் ஒரே ஆயத்தில் ஏன் கோத்தான்? விரிவுரை எழுதும் தகுதி நமக்கில்லை. ஆலிம்கள் அதைச் சொல்லட்டும். மளிகைக் கடைக்காரனுக்கு அன்று புரிந்தது இவ்வளவே: நாம் விற்கும் பொருளும் பிள்ளைகளின் உயிரும் இரண்டு தனித்தனிப் பேரேடுகள் அல்ல. அன்று காலையே அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பினோம். மாதாந்திர வரும்படியில் குறைவு தெரிந்தது, இல்லையென்று சொல்லமாட்டோம். குடும்பம் பட்டினி கிடக்கவில்லை.

சீனிப் பானம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சீனி மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வீதம் 2019 ஜூலையில் அரசாங்கம் வரி போட்டது. இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்குச் சர்க்கரை வியாதி என்று அவ்வருஷத்து ஆய்வு சொன்னது. அந்தப் பானங்களை நாம் இன்னும் விற்கிறோம். ஹராம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. முன்வரிசைக் குளிர்பெட்டியில் கண்ணுக்கு நேரே தண்ணீர் போத்தலை வைத்துவிட்டு, அவற்றைக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம். இது பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

நம் பாட்டன்மார்கள் சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் பத்து காஜாவிலும் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள். சம்பள நாளன்று லயத்து வாசலில் மூட்டையை அவிழ்ப்பார்கள். அவர்களுடைய கடன் புத்தகத்தில் தொகை மட்டும் இருக்காது. இன்னார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னார் மகன் பள்ளிக்குப் போவதில்லை, இன்னார் கள்ளுக்கடையில் சம்பளத்தை விட்டுவிட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். டிரசர் மருந்து கொடுப்பதற்கு முன் நம் வியாபாரிக்கு அந்த வீட்டு நோய் தெரியும். சில வீடுகளில் அந்த மாதம் கடனைக் கேளாமலே திரும்பி வந்தார்கள் என்று நமது அத்தா சொல்லுவார். அவர்கள் ஆய்வு நடத்தவில்லை, ஆனால் கேட்டார்கள். அந்தத் தோட்டங்கள் பல இப்போது செம்பனையாகவும் வீடமைப்பாகவும் ஆகிவிட்டன. லயத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மலிவுவிலை அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அம்மா ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட், அப்பா சிங்கப்பூரில் வேலை. பிள்ளை பகலெல்லாம் தனியே. அப்பிள்ளைகள் முஸ்லிம்கள் அல்லவே என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் பாட்டனுக்குச் சோறு போட்டவர்கள் அவர்களுடைய பாட்டன்மார்கள்.

நமது கடைக்கு அப்படி ஒரு பையன் வருவதுண்டு. மூன்றாம் படிவமோ நான்காம் படிவமோ இருக்கும். முன்பு நம்மிடம் வேப் வாங்கியவன். பெட்டியைத் திருப்பி அனுப்பிய அடுத்த வாரம் வந்து, ‘பாய், அது இருக்கா?’ என்றான். ‘இல்லை தம்பி, இனி வைக்கிறதில்லை’ என்றோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினான். முன்பாக இருந்தால் அத்தோடு விட்டிருப்போம். நர்ஸம்மாவிடம் நமது மகள் சொன்ன வாக்கியம் காதில் ஒலித்தது. கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ‘சாப்பிட்டியா தம்பி?’ என்று கேட்டோம். இந்த மனுஷனுக்கு என்னவாயிற்று என்பதுபோலப் பார்த்தான். பிறகு, ‘காலையிலிருந்து இல்ல பாய்’ என்றான். ஒரு ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தோம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தின்றான். பாதி தின்றதும், தன் ஆயாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள் என்றான். சர்க்கரை வியாதி. அவள்தான் அவனை வளர்த்தவளாம். வீட்டில் அவளில்லாமல் இருக்கப் பிடிக்கவில்லை, பள்ளிக்கும் போகப் பிடிக்கவில்லை என்றான். நாம் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. எந்த வார்டு என்று கேட்டுக்கொண்டோம்.

மறுநாள் அஸருக்குப் பின் அவனையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிழவி நம்மை அடையாளம் கண்டுகொண்டு, ‘மூட்டைக்கார பாய் பேரனா?’ என்று கேட்டாள். அதற்குப் பிறகும் பையன் கடைக்கு வருகிறான். சில நாட்களில் எதையும் வாங்குவதில்லை. மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டுப் போகிறான்.

வஸ்ஸலாம்.